பேசக் கூடாத கப்பல்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பேரம் பேசி வாங்கினேன்.

சலே நகரத்தின் பழைய கடைத்தெருவில், ஜெல்லாபா அங்கிகளுக்குப் பட்டு நூல், பொத்தான், குஞ்சம் விற்கிறவன் நான். ஒரு சாயங்காலம், ஒற்றைக் கண்ணை அட்டையால் மூடிக்கொண்டு, இடுப்பில் மரக்கரண்டியைச் செருகிக்கொண்டு, ஆறு வயது ஆசாமி ஒருத்தி கடைக்குள் ஏறினாள். என் தங்கை மகள் ஷாமா.

“கையைத் தூக்குங்க மாமா. கடையில இருக்கிற பொத்தான் பூரா இனிமே என்னோடது.”

வேறு எழுத்தாளனாக இருந்தால் நெகிழ்ந்துபோய்க் கையைத் தூக்கியிருப்பான். நான் நூல் வியாபாரியின் மகன், நூல் வியாபாரியின் பேரன். கழுத்தில் கத்தி வைத்தாலும் கத்தி என்ன விலை என்று கேட்கிற வம்சம்.

“பூராவும் கட்டுப்படியாகாது. ஒரு குஞ்சம் தர்றேன். பதிலுக்கு நீ என்ன தருவே?”

“உயிரோட விடறேன்.”

“அது ஏற்கெனவே என்கிட்ட இருக்கிற சரக்கு. வேற?”

திறந்திருந்த கண்ணால் யோசித்தாள். “ஒரு கதை.”

“எவ்வளவு நீளம்?”

“குஞ்சம் எவ்வளவு நீளமோ அவ்வளவு.”

கல்யாண மெத்தைக்கு வைக்கிற குஞ்சம் ஒன்று விற்காமல் கிடந்தது. கடையிலேயே அதுதான் நீளம். எடுத்துக் கொடுத்தேன். அவள் கொடுத்ததைத்தான் உங்களுக்குக் கை மாற்றுகிறேன். நடுவில் கொஞ்சம் இஸ்திரி போட்டிருக்கிறேன், ஓரம் மடித்துத் தைத்திருக்கிறேன். அதுகூடச் செய்யாவிட்டால் தரகன் எதற்கு?

2

எப்படித் தொடங்கலாம்?

“கடல் கறுத்துக் கிடந்தது. கோட்டை மதிலின் பீரங்கி வாய்களில் உப்புக்காற்று ஊளையிட்டது. தொலைவில் ஒரு பாய்மரம்—”

வேண்டாம். ஷாமா படிக்கிற பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து கடல் தெரியாது. தெரிவது பாப் மரீஸா என்கிற பழைய கோட்டை வாசல். ஒரு காலத்தில் கப்பல்கள் பாய்மரத்தோடு ஊருக்குள் நுழைந்துவர வேண்டும் என்று அத்தனை உயரத்துக்கு வளைவு வைத்துக் கட்டியது. இன்று அதன் பக்கத்தில் காய்கறி வண்டிகள் நிற்கின்றன. பீரங்கி இருக்கிறது; அதன்மேல் பூனை தூங்குகிறது.

“குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தல் என்பது ஒரு தேசத்தின்—”

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்குகிற உரையை எங்கள் தலைமையாசிரியர் ஆண்டு விழா தோறும் ஆற்றுகிறார். முன் வரிசைப் பெற்றோர் கண் திறந்தபடியே தூங்கப் பழகிவிட்டார்கள்.

நீங்களும் வேண்டாமென்று தலையை ஆட்டினீர்கள், பார்த்தேன். ஆட்டலாம். ஆனால் எங்கள் தெருவின் வழக்கத்தைச் சொல்லி வைத்துவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று பேச்சு வரக் கூடாது. கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போகலாம், குற்றமில்லை. ஒரு தடவை எதிர் விலை சொல்லிவிட்டும் போகலாம். மரியாதைக்குச் சொன்னார் என்று விட்டுவிடுவோம். இரண்டாவது தடவையும் எதிர் விலை சொல்லிவிட்டால் முடிந்தது, சரக்கை முடித்துத்தான் எழ வேண்டும். எழுந்து போகிறவருக்கு அப்புறம் இந்தத் தெருவில் ஒரு கிளாஸ் தேநீர்கூடக் கிடைக்காது. பக்கத்துக் கடைக்காரர் சாட்சியாக இருந்துவிட்டாலோ, பேரன் கல்யாணப் பேச்சு வரைக்கும் அது வந்து நிற்கும்.

நீங்கள் ஒரு தடவை தலையை ஆட்டியிருக்கிறீர்கள். நினைவிருக்கட்டும்.

மூன்றாவது தொடக்கம், இதுவே கடைசி: “கிஸ்லான் டீச்சரின் வகுப்பில் பென்சில் இல்லாத பிள்ளை கிடையாது. எழுத ஆசைப்பட்ட பிள்ளையும் கிடையாது.”

இது நிற்கும்.

3

கிஸ்லான் அந்தக் கரைக்காரி. அதாவது ரபாத். பூ ரெக்ரெக் ஆற்றுக்கு அப்பால், தினமும் டிராமில் பாலம் ஏறி எங்கள் பக்கம் வருகிறவள். இரு கரைக்கும் நடுவில் ஓடுவது ஆறுதான் என்று வரைபடத்தில் போட்டிருக்கும். எங்களைக் கேட்டால் அது சம்பந்திச் சண்டை.*

அவள் வகுப்பு, எழுத்துப் பழகும் முதல் வகுப்பு. கரும்பலகையில் ஒரு வரி எழுதுவாள்: “ஆடு புல் தின்றது.” பிள்ளைகள் அதைப் பார்த்து எழுத வேண்டும். எழுதினார்கள். ஆடு தின்னத் தின்னப் பிள்ளைகளின் முகம் வாடியது. ஷாமா எழுதியதையெல்லாம் முந்தைய ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையால் வட்டம் போட்டுப் போட்டு, தாளே அம்மை கண்டதுபோல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் பென்சிலைத் தொடவே இல்லை. பேச்சில் ஊரை விற்றுவிடுவாள், படிக்கவும் படிப்பாள், எழுதச் சொன்னால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு நாள், பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்கும் கடைசி வகுப்பில், கிஸ்லான் பெஞ்சுகளையெல்லாம் இழுத்து மூக்கு கூராக வருகிற மாதிரி போட்டாள். நடுவில் துடைப்பத்தை நட்டு, மேலே தன் தலைத்துணி ஒன்றைக் கட்டினாள்.

“இது கப்பல்,” என்றாள். “நாமெல்லாம் கடற்கொள்ளைக்காரங்க. பாப் மரீஸா வழியா இப்பத்தான் வெளிய வந்தோம். சுத்தி எதிரிக் கப்பல். வாயைத் திறந்தா சத்தம் கேட்டுடும். அதனால கப்பல்ல யாரும் பேசக் கூடாது.”

“அப்ப எப்படி டீச்சர் சொல்றது?”

துண்டுத் தாள்களை விசிறி மாதிரி விரித்துக் காட்டினாள். “எழுதிக் குடு. என்ன எழுதினாலும் நடக்கும்.”

“என்ன எழுதினாலுமா?”

“உஷ்.”

பிறகு துண்டுத் தாள்கள் பறக்கத் தொடங்கின. ஷாமா எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“எனக்கு ஒண்ணுக்கு வருது. ரொம்ப.”

“அனஸ் காலை மிதிக்கிறான். அவனைக் கடல்ல போடவும்.”

“நான் மிதிக்கல. கப்பல் ஆடுது.”

“யூனுஸ் கேப்டன். ஏன்னா அவன் அழுவான்.”

கேப்டன் பதவி இப்படித்தான் யூனுஸுக்குக் கிடைத்தது. கிஸ்லான் கேப்டனாக மறுத்துவிட்டாள். சமையல்காரி வேலையை எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரி. ஏனென்றால் சூறையாடிய பொருள் சமையல்காரி கையில்தான் இருக்கும். பொருள் என்பது ஓலை நாரில் கோத்து வந்த ஸ்ஃபெஞ் என்கிற மாவுப் பலகார வளையங்கள், எண்ணெய்ச் சட்டியிலிருந்து இறங்கிய சூட்டோடு. உனக்கு வேண்டுமா? எழுது. எத்தனை? எழுது. சர்க்கரை தூவியா தூவாமலா? அதையும் எழுது. ஆடு புல் தின்றதைப் பற்றி ஒரு வரி எழுதப் பிராணனை விட்ட பிள்ளைகள், சர்க்கரையைப் பற்றி முழுத் தாள் எழுதினார்கள்.

சிவப்பு மை கப்பலில் ஏறவில்லை. இன்னொரு பிள்ளை படித்துப் புரிந்துகொண்டால் போதும், எழுத்து செல்லும். இது கிஸ்லான் போட்ட சட்டம்.

ஷாமா? அவள் வாசல் காவல் வேலையை எழுதாமலேயே எடுத்துக்கொண்டாள். சுருட்டிய அட்டையைக் கண்ணில் வைத்துக் கதவருகே நிற்பாள். ஸ்ஃபெஞ் கேட்டு எழுத மாட்டாள். ஆனால் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் சீட்டின் அடியில் “ஷாமாவுக்கும் ஒண்ணு” என்று இருக்கும். கிஸ்லான் அவளை எழுதச் சொல்லவில்லை. பென்சிலை மட்டும் கதவருகே வைத்தாள். சில நாள் கழித்து ஷாமா அதைக் காதில் செருகிக்கொண்டாள்.

(இந்த இடத்தில் “எழுத்தின் விதை ஈர மண்ணில்” என்று ஒரு வாக்கியம் இருந்தது. வெட்டிவிட்டேன். காதில் பென்சில் போதும்.)

* ரபாத்காரர்கள் எங்களைப் பற்றிச் சொல்வது: அஸருக்குப் பிறகு சலேக்காரனுக்கு மூளை கழன்றுவிடும். நாங்கள் அவர்களைப் பற்றிச் சொல்வதை அச்சில் போட முடியாது.

4

இப்போது கதைக்கு ஒரு எதிராளி வேண்டும். அவரை எழுதும்போதுதான் எனக்குச் சிக்கல், ஏனென்றால் அவர் என் எதிர்க் கடைக்காரர். கம்பளி வியாபாரி ஹாஜியார் மஃபத்தல், கேப்டன் யூனுஸின் தாத்தா, பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர்.

அவரை முதலில் இப்படி எழுதியிருந்தேன்: “தொப்பை முன்னே வர, அதிகாரம் பின்னே வர, ஹாஜியார் மஃபத்தல்—”

வாக்கியம் முடியவில்லை. அவரே கடைக்குள் நிற்கிறார், தலைகீழாகவே படிக்கிறார். கம்பளி வியாபாரிகளுக்கு அது வரும். எதிராளியின் கணக்கைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

“யாருக்குத் தொப்பை?”

“கதையில வர்ற ஆளுக்கு, ஹாஜியாரே.”

“கதையில வர்ற ஆளுக்கு என் பேரு எப்படி வந்துச்சு? தொப்பையை எடு.”

“எடுத்தா ஆள் நிக்க மாட்டாரு. பாதியாக் குறைக்கிறேன்.”

“அகன்ற நெஞ்சுன்னு போடு.”

“அதுக்கு நீங்க என்ன தருவீங்க?”

யோசித்தார். “நான் கத்தினதை அப்படியே போட்டுக்கோ. ஒரு வார்த்தை குறைக்க வேணாம்.”

முடித்தோம். ஆகவே இனிமேல் இந்தக் கதையில் ஹாஜியாருக்கு அகன்ற நெஞ்சு. (அவர் இன்னும் என் கடைக்கு வந்துபோகிறார் என்பதை வைத்து நீங்கள் முடிவைக் கணித்துவிட வேண்டாம். எங்கள் தெருவில் விரோதிகள்தான் அதிகம் வந்துபோவார்கள்.)

அவர் கத்தியதன் காரணம் இது. கேப்டன் யூனுஸ் ஒரு மாலை வீட்டுக்கு நொண்டியபடி வந்தான். ஒற்றைக் கண்ணில் அட்டை. தோளில் துணியில் செய்த கிளி. தேநீர் குடித்துக்கொண்டிருந்த தாத்தாவின் மடியில் விழுந்து, உலகத்தின் மிகப் பெரிய நற்செய்தியைச் சொன்னான்: “தாத்தா! நம்ம பெரிய பெரிய தாத்தா கொள்ளைக்காரராமே! எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கு தெரியுமா?”

நீங்கள் சிரிக்கலாம். ஹாஜியார் வீட்டில் சிரிக்க முடியாது. மீலாதுக்கு முன்னால் வரும் மெழுகு ஊர்வலத்தில், அந்தப் பெரியவரின் நினைவாக அகன்ற கால்சட்டையும் சிவப்புக் கச்சையும் கட்டி முன் வரிசையில் நடப்பவர் அவர். அந்தப் பெரியவர் ரயீஸ், அதாவது கப்பல் தலைவர். எந்தக் கப்பலை எப்படி மடக்கினார் என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆனால் இந்தக் கரையில் அதற்கு வீரம் என்று பெயர். வேறு பெயர் சொல்கிறவர்கள் கப்பலைப் பறிகொடுத்தவர்கள்.

5

பள்ளி முற்றத்தில் நடந்தது. ஒப்பந்தப்படி ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

“எங்க ரயீஸுக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சு!” என்றார் ஹாஜியார். “ரெண்டு காலும் இருந்துச்சு! கிளி வளர்க்க அந்த மனுஷனுக்கு நேரம் ஏது? யாரைக் கேட்டு அவரைக் கொள்ளைக்காரன்னு சொன்னே?”

“நான் உங்க தாத்தாவைச் சொல்லல, ஹாஜியாரே,” என்றாள் கிஸ்லான். “பொதுவா விளையாட்டுக்கு—”

“விளையாட்டா? உங்க கரையில யாருக்காவது இப்படி ஒரு தாத்தா இருந்திருந்தா விளையாடுவீங்களா?”

“எங்க கரையிலயும் இருந்தாங்க. நாங்க அவங்களைக் கொள்ளைக்காரங்கன்னு சொல்லிச் சிரிச்சுக்கறோம்.”

“சிரிப்பீங்க. உங்க ஆளுங்க பிடிச்சது என்ன, மத்தி மீன்தானே!”

“அஸருக்கு அப்புறம் சலேக்காரங்களோட வழக்கு வச்சுக்காதேன்னு எங்கம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. நான்தான் கேக்கல.”

இந்தக் கடைசி வரியை அவள் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னாள், எனக்கு அவளை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

தலைமையாசிரியர் இரு பக்கமும் தலையாட்டிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: வியாழக்கிழமைக்குள் ஹாஜியார் சமாதானம் ஆகாவிட்டால் கப்பல் கிடையாது. பெஞ்சுகள் பழையபடி வரிசையில். கரும்பலகையில் ஆடு. ஆட்டுக்குப் புல்.

கிஸ்லான் என் கடைக்கு வந்தாள். வாங்குவதற்கு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“ஐயா, மத்தப் பிள்ளைங்க எழுதக் கத்துக்கிட்டாங்க, கப்பல் போனாலும் பொழச்சுக்குவாங்க. ஷாமாவுக்குத்தான் பயம். பென்சில் இப்பத்தான் காதுவரைக்கும் வந்திருக்கு. இன்னும் கைக்கு வரல. மறுபடியும் ஆட்டைக் காட்டினா பெஞ்சுக்கு அடியில போயிடுவா. இந்தத் தடவை என்னால வெளிய எடுக்க முடியாது.”

ஆக, இந்தக் கதையில் பணயம் இதுதான்: காதுக்கும் கைக்கும் நடுவில் உள்ள தூரம்.

பல நாள் கழித்து, இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

“என்னை அழ வைக்காதீங்க. எல்லாக் கதையிலயும் டீச்சர் அழறாங்க.”

“ஒரு சொட்டு?”

“அரைச் சொட்டுகூடக் கிடையாது.”

“கண் கலங்கினதா வச்சுக்கலாமா?”

“கண்ணுல தூசின்னு போடுங்க.”

சரி என்றேன்.

6

வியாழக்கிழமைக்குப் போவதற்கு முன், கையிருப்பிலுள்ள முடிவுகளைப் பாயில் விரித்துக் காட்டுவது என் கடமை. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது. ஹாஜியார் கோபமாக வகுப்புக்குள் வருகிறார். எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அவர் கை நடுங்குகிறது. ஊருக்கே பெரிய மனிதரான அவருக்கு எழுதவே தெரியாது என்று அப்போதுதான்—

இல்லை, இது எல்லாக் கடையிலும் தொங்குகிற சரக்கு. பார்வைக்குப் பளபளக்கும், ஒரு தடவை துவைத்தால் சாயம் போகும். தவிர ஹாஜியாரின் கையெழுத்தைப் பார்த்தால் பொறாமை வரும்.

அடுத்தது. கிஸ்லான் எழுந்து நின்று கல்வியைப் பற்றி ஒரு முழக்கம். முற்றமே கண்ணீர் விடுகிறது. இதற்குச் சம்பந்தப்பட்டவரே மறுப்புத் தெரிவித்திருக்கிறார்: “அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. இஞ்சிக் கஷாயத்தைக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

இன்னொன்று ஷாமா தந்தது. புயல். திமிங்கிலம். அது தலைமையாசிரியரை விழுங்குகிறது. பிறகு அவரைக் கொண்டுவந்து பாப் மரீஸா வாசலில் துப்புகிறது, மீசையை மட்டும் வைத்துக்கொண்டு. இதை விற்க எனக்கு ஆசைதான். தலைமையாசிரியர் என் கடையில்தான் பொத்தான் வாங்குகிறார்.

ஒன்றும் பிடிக்கவில்லையா? வேறு காட்டு என்கிறீர்களா? எழுந்தும் போகவில்லையே?

நல்லது. இது இரண்டாவது தடவை.

7

வியாழக்கிழமை ஹாஜியார் அங்கியைச் சரிசெய்துகொண்டு என் கடை முன் நின்றார்.

“வா. கப்பலை மூடப் போறேன். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்.”

எங்கள் தெருவில் எந்தப் பெரிய காரியத்தையும் பக்கத்துக் கடைக்காரர் இல்லாமல் முடிக்க மாட்டோம். மறுக்கவும் முடியாது. கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன்.

கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பிள்ளைகள் இருந்தும், பென்சில் உரசுகிற சத்தம் தவிர வேறில்லை. கிஸ்லான் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, ஒரு மூலையில் ஸ்ஃபெஞ் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழவில்லை. கப்பலில் அவள் சமையல்காரிதானே.

அகன்ற நெஞ்சு வாசலில் நுழையச் சற்றுச் சிரமப்பட்டது. நுழைந்ததும், “இங்க யாரு—” என்று ஆரம்பித்தார்.

“உஷ்ஷ்ஷ்!”

கப்பல் முழுக்க ஒரே மூச்சு. அதில் மிகப் பெரிய உஷ், அவர் சொந்தப் பேரன் கேப்டன் யூனுஸுடையது. ஹாஜியார் வாயை மூடினார். அவர் ஆயுளில் அது அபூர்வம்.

ஷாமா அட்டைக் குழலைக் கீழே வைத்தாள். அவர் முன்னால் வந்து நின்றாள். காதிலிருந்து பென்சிலை எடுத்தாள், ஒரு தாளோடு சேர்த்து நீட்டினாள். அவள் அவர் இடுப்பு உயரம்தான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சாட்சி பேசக் கூடாது.

பென்சிலைப் பிடுங்கி, கதவின்மேல் தாளை வைத்து, அந்த அழகான கையெழுத்தில் எழுதினார்: “இந்தக் கப்பலை இன்றோடு நிறுத்த வேண்டும்.”

ஷாமா படித்தாள். உதடு அசைந்தது. திரும்பிக் கிஸ்லானைப் பார்த்தாள். கிஸ்லான் இஞ்சிக் கஷாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு கெட்டியாக டம்ளரைப் பிடித்திருந்தாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஷாமா கையை நீட்டினாள். ஹாஜியார் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்தாள். தாளை முழங்காலில் வைத்தாள். நாக்கு வெளியே வந்தது. ஒரு கோடு இறங்கியது, வளைந்தது, நின்றது, இன்னொரு கோடு.

“முடியாது.”

சிவப்பு மைக்குப் பிறகு அவள் எழுதிய முதல் சொல் அது. கிஸ்லானின் கண்ணில் தூசி விழுந்தது.

இந்த இடத்தில்தான் ஹாஜியார் தவறு செய்தார். எங்கள் தெருக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வேறு ஊர்க்காரராக இருந்தால் “முடியாது” என்பதைப் பார்த்ததும் கோபித்துக்கொண்டு போயிருப்பார், கப்பலும் போயிருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து கம்பளி விற்கிறவருக்கு “முடியாது” என்பது மறுப்பே இல்லை. அது “உட்காருங்க, பேசலாம்” என்பதன் இன்னொரு பெயர். மனம் யோசிப்பதற்குள் கை பென்சிலை வாங்கிவிட்டது.

“கொள்ளைக்காரன் என்று சொல்வதையாவது நிறுத்து.”

ஒரு தடவை.

ஷாமா அதைப் படித்துவிட்டு, என்னைப்போலவே தலையைச் சாய்த்தாள். (எங்கள் குடும்பச் சாய்ப்பு. அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.) இந்தத் தடவை நாக்கு வெளியே வரவில்லை.

“பதிலுக்கு என்ன தருவீங்க?”

“நிஜமான பாய்மரத் துணி ஒன்று. கெட்டி நூல். என் கடையில் இருக்கிறது.”

நான் இருமினேன்.

சாட்சி பேசத்தான் கூடாது, இருமலாம். ஹாஜியார் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். இரண்டாவது எதிர் விலை, சொந்தக் கையெழுத்தில், சாட்சியோடு. கப்பலை மூட வந்தவர் கப்பலுக்குப் பாய் வாங்கித் தருவதாக எழுதியிருக்கிறார். அகன்ற நெஞ்சு மெல்ல மெல்லக் குலுங்கத் தொடங்கியது. சத்தமில்லாமல் சிரிக்க அவருக்குப் பழக்கமில்லை. கதவைப் பிடித்துக்கொண்டார், முகம் மாதுளம் பழம்போல் ஆகிவிட்டது.

அதற்குள் பிள்ளைகள் எல்லாரும் கப்பலின் ஒரே பக்கம் வந்து குவிந்துவிட்டார்கள். நிஜக் கப்பலாக இருந்தால் கவிழ்ந்திருக்கும். ஷாமாவின் பென்சில் நிற்கவில்லை.

“துடுப்புப் போடவும் ஆள் இல்ல. நீங்க வரணும்.”

“ஒரு நாள் வருகிறேன்.”

“எல்லா வியாழனும்.”

“ஒற்றைக் கண்ணில் அட்டை கட்ட மாட்டேன்.”

“சரி.”

“கிளி கூடாது.”

ஷாமா தாளைத் தன் பக்கம் இழுத்து எழுதினாள்: “கிளி பாவம். அது சும்மா உக்காந்திருக்கும்.”

ஹாஜியார் துணிக் கிளியைப் பார்த்தார். துணிக் கிளி ஹாஜியாரைப் பார்த்தது. “இருக்கட்டும்” என்று எழுதினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கப்பலில் ஏறி அனஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சமையல்காரிக்கு ஒரு சீட்டு வந்தது, அந்த அழகான கையெழுத்தில்: “எனக்கும் ஒன்று. சர்க்கரை வேண்டாம், டாக்டர் திட்டுவார்.” அதன் அடியில், கோணல்மாணலாக இன்னொரு வரி: “ஷாமாவுக்கு மூணு.”

அது மற்றவர்கள் அவளுக்காக எழுதியது இல்லை.

8

இங்கேயே முடித்திருக்கலாம். ஸ்ஃபெஞ் வாசனையோடு, எல்லாரும் சிரிக்க, ஜன்னலுக்கு வெளியே பாப் மரீஸா வளைவில்—

முடியாது. ஒரு பாக்கி இருக்கிறது.

பாய்மரத் துணி மறு வாரமே வந்துவிட்டது, சொன்னபடி கெட்டி நூல். அதில் கப்பலின் பெயரை எழுத வேண்டும். ஹாஜியார் “ரயீஸ்களின் கப்பல்” என்று எழுதிக் கொடுத்தார். கேப்டன் யூனுஸ் “கொள்ளைக்காரக் கப்பல்தான் வேணும், அதுதான் பயமா இருக்கு” என்று எழுதினான். தாத்தாவும் பேரனும் எழுதி எழுதிப் பென்சிலைச் சீவினார்கள். கிஸ்லான் ஒரு பெயர் எழுதினாள். அந்தக் கரைக்காரி எழுதினால் செல்லாது என்று இருவரும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். நான் ஒரு பெயர் எழுதினேன். கடைக்காரன் தன் கடை விளம்பரத்தை எழுதியிருக்கிறான் என்று நிராகரித்தார்கள். அது கொஞ்சம் உண்மைதான்.

துணி இன்னும் வெறுமையாகத் தொங்குகிறது. வியாழன்தோறும் ஒரு தாத்தா துடுப்புப் போட, பெயரில்லாத கப்பல் ஒன்று எங்கள் ஊரைச் சுற்றி வருகிறது.

நேற்று ஷாமா கடைக்கு வந்து, எழுதிக்கொண்டிருந்த என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“இதைப் படிக்கப் போறவங்க யாரு மாமா? நம்ம கரையா, அந்தக் கரையா?”

“ரெண்டும் இல்ல. ரொம்ப தூரத்துக் கரை.”

“அவங்களுக்கு எழுதத் தெரியுமா?”

“படிக்கத் தெரிஞ்சா எழுதவும் தெரியும்.”

“எனக்குப் படிக்கத் தெரிஞ்சும் எழுத வரலையே அப்ப.”

ஷாமா காதிலிருந்த பென்சிலை எடுத்து என் தாளின் மேல் வைத்தாள்.

“அப்ப அவங்களே பேரை எழுதட்டும். ரெண்டு பக்கமும் கோவிச்சுக்க முடியாது.”

ஆகவே, தூரத்துக் கரைக்காரரே, சீட்டு உங்களிடம் வந்திருக்கிறது. என் தொடக்கங்களை வேண்டாம் என்றீர்கள், பாயில் விரித்த முடிவுகளையும் வேண்டாம் என்றீர்கள், எழுந்தும் போகவில்லை. எங்கள் தெருவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், முதலிலேயே சொல்லிவிட்டேன். எதிர்க் கடையிலிருந்து ஒருவர் கழுத்தை நீட்டிச் சாட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு பிள்ளைக்குப் புரிந்தால் செல்லும்.

இந்தக் கப்பலின் பெயர்: ______________

உஷ். பேசக் கூடாது.